மெயின் சுவிட்ச் வைத்தியம்

மாடி அறை முழுக்க அவருடைய பொம்மை ரயில்தான். நடுவில் தெர்மாகோலில் அவரே செய்த மலை. மலைக்குள் நீளமான சுரங்கம்.

“உள்ள ரயில் கவுந்தா எப்படி எடுப்பீங்க? மேல ஒரு திறப்பு வெச்சு மூடி போட்டுக்கலாமே,” என்றாள் மனைவி.

“மூடி போட்டா அது மலையா, குக்கரா? நான் போட்ட தண்டவாளத்துல ரயில் கவுறாது.”



“ரொட்டிக் கத்தி ஏன் இப்படி மழுங்கிக் கிடக்கு?” என்று மறுவாரம் கேட்டார்.

“பழசாயிடுச்சுங்க.”

எப்போதாவது ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிடும். “கரண்ட் கோளாறு,” என்று கீழே இறங்கிப் போய், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுவிட்டு வருவார். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.

“பாத்தியா, ஒரே தட்டு.”

மாடி அறையிலேயே துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவி தலையாட்டுவாள்.

அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று உள்ளே போன ரயில் வெளியே வரவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டார். மறுபடியும் போட்டார். ஃப்ரிட்ஜ் முனகியதுதான் மிச்சம்.

மனைவிக்குப் போன் செய்தார். “ஃபியூஸ் எதையாவது தொட்டியா?”

“இல்லீங்க. மலை உச்சியில இருக்கிற பொம்மை வீட்டைப் பிடிச்சு மெதுவா தூக்குங்க.”

தூக்கினார். பாதி மலை கையோடு வந்தது. வெட்டிய தடம் தெரியாதபடி ஓரமெல்லாம் பச்சைப் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே ரயில் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

“எதால வெட்டினே?” என்றார்.

“ரொட்டிக் கத்தியாலதான்.”

“அப்ப அந்த மெயின் சுவிட்ச்?”

“நீங்க கீழ போனாத்தானே நான் மலையைத் தூக்க முடியும்?”