மான்கள் கடக்கும் வரை

வண்டி நின்றதும் அவள் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

பதினொன்று பத்து.

எல்லைச் சாவடியை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இன்னும் இருநூறு கிலோமீட்டர். அதுவும் மண்பாதை. சீனாவுக்குள் நுழைய விசாவில் போட்டிருந்த கடைசித் தேதி இன்று.

அதன்பிறகுதான் எதிரே பார்த்தாள்.

தரை நகர்ந்துகொண்டிருந்தது.

மான்கள். தெற்கே வானம் இறங்கும் இடத்திலிருந்து வடக்கே வானம் இறங்கும் இடம்வரை, பாதையை அடைத்துக்கொண்டு மான்கள். புல்லின் நிறம்தான் அவற்றுக்கும். மங்கோலியப் புல்வெளியே எழுந்து எங்கோ கிளம்பிப் போவதுபோல இருந்தது.

ஓயுன் எஞ்சினை அணைத்தாள்.

ஐம்பது வயதுக்காரி ஓயுன். இரண்டு நாளாக அவளுடைய பழைய ஜீப்பில்தான் பயணம். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. கைஜாடையை வைத்தே வழி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

இஸ்தான்புல்லில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பி ஏழு மாதம் ஆகியிருந்தது. பஸ், ரயில், லாரி, ஒருமுறை கழுதை வண்டி. விமானம் மட்டும் கிடையாது என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. கோவில்பட்டியில் புவியியல் டீச்சர். இருபது வருடம் கரும்பலகையில் ஆசியாவை வரைந்தவள். இந்த இடம் வந்தால் ‘புல்வெளி’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுவாள்.

வாரம் ஒரு கட்டுரை, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு. கடைசிக் கட்டுரையைப் பசிபிக் கடலில் கால் நனைத்துவிட்டு எழுதுவாள் என்று அவர்கள் அறிவித்தும் விட்டார்கள். புத்தகத்துக்கு அட்டைகூடத் தயார். ஒரு பெண், ஒரு கடல்.

ஓயுன் ஹாரனின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

அழுத்தவில்லை. அழுத்தட்டுமா என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு நீண்ட சத்தம் போதும். மான்கள் சிதறும். பாதை திறக்கும்.

பிறகு ஓயுன் மறுகையால் தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். ஓடுவதுபோல் விரல்களை வேகமாக அசைத்தாள். சட்டென்று கையைக் கவிழ்த்துத் தொடையின் மேல் போட்டாள்.

அவள் மறுபடியும் மான்களைப் பார்த்தாள்.

எல்லாம் பெண் மான்கள். எல்லாம் சினை. மிரண்டு ஓடினால் வயிற்றில் இருப்பது தங்காது.

ஏழு மாதம். அந்த ஹாரனுக்கும் ஓயுனின் கைக்கும் நடுவே ஏழு மாதமும் இருந்தது. அழுத்து என்று தலையாட்ட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

அப்போது ஒன்று மட்டும் நின்றது.

ஜீப்பிலிருந்து ஐம்பது அடி இருக்கும். முன்னங்காலை மடக்கிப் படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது. பின்னால் வந்தவை அதை மிதிக்கவில்லை. இரண்டாகப் பிரிந்து, அதைத் தாண்டியதும் சேர்ந்துகொண்டன.

புல்லுக்குள் ஈரமாக ஏதோ விழுந்தது.

அவள் ஓயுனின் கையை ஹாரனிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தாய் நக்கியது. குட்டி தலையைத் தூக்கியது. நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போயின. விழுந்தது. மூக்கு மண்ணில் குத்தியது. தாய் வடக்கே பார்த்தது. கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி எழுந்தது. மறுபடி விழுந்தது.

“எந்திரி தாயி... எந்திரி. அந்தா உங்கம்மா நிக்கால்ல, எந்திரி.”

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். தினமும் தமிழில் எழுதினாள். வாய்விட்டுப் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று நினைவில்லை.

மடியில் இருந்த கை அவள் விரல்களை இறுக்கியது. ஓயுனும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு தன் பாஷையில் எதையோ முணுமுணுத்தாள். அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஆறாவது தடவை குட்டி நின்றது.

நடுங்கியது. ஒரு எட்டு வைத்தது. இன்னொன்று. பிறகு, இத்தனை நேரம் விழுந்ததெல்லாம் விளையாட்டுக்கு என்பதுபோலத் தாயின் பக்கவாட்டில் ஒட்டி நடந்தது. கூட்டம் அந்த இருவரையும் உள்ளே வாங்கிக்கொண்டது. அதன்பின் எது அந்தக் குட்டி என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கதவை ஓசையில்லாமல் திறந்து இறங்கினாள். வண்டியின் நிழலில் உட்கார்ந்தாள்.

குளம்புச் சத்தம் இடிபோல இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. சுளகில் கம்பு புடைப்பதுபோல மெல்லிய, ஓயாத சத்தம். மிதிபட்ட புல்லின் காட்டமான வாசனை. அவ்வளவு உயிர்கள், ஒரு குரல்கூட எழுப்பாமல்.

நோட்டை எடுத்தாள். ‘ஆயிரக்கணக்கான’ என்று எழுதினாள். அடித்தாள். ‘லட்சக்கணக்கான’ என்று எழுதினாள். அதையும் அடித்தாள்.

மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

ஒரு மணி. இரண்டு. நான்கு. தெற்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன. இந்தப் பாதை போடுவதற்கு முன்னும் வந்திருக்கும். இந்த நாட்டுக்கு எல்லை போடுவதற்கு முன்னும் வந்திருக்கும். அவள் கன்னம் நனைந்திருப்பதைக் காற்று பட்டபோதுதான் உணர்ந்தாள்.

ஐந்தரைக்குக் கடைசி மான் கடந்தது.

பாதை கிழக்கே வெறுமையாகக் கிடந்தது. ஓயுன் சாவியில் கை வைத்தபடி, வந்த வழியே திரும்பலாமா என்பதுபோல மேற்கே தலையசைத்தாள்.

அவள் வடக்கே கை காட்டினாள்.

ஓயுன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஜீப் பாதையை விட்டுப் புல்லில் இறங்கியது. மான்களுக்கு வெகு தூரம் பின்னால், நடக்கிற வேகத்தில்.