ரெஃபில்வேயின் பாம்பு

"யாரும் அடிக்காதீங்க! அது என் பாம்பு!"

ரெஃபில்வே படியிறங்கி ஓடிவந்தாள்.

தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பே துணி துவைக்கும் அறையில் கூடியிருந்தது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சின்ன மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. காவலாளி யாக்கோபஸ் மண்வெட்டியை ஓங்கியபடி நின்றார்.

அவரைத் தள்ளிவிட்டு, பாம்பை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள் ரெஃபில்வே. கூட்டம் அலறி விலகியது.

"பெட்டியைப் பூட்டி வைக்கத் தெரியாதா உனக்கு?" சீறினார் குடியிருப்புச் சங்கத் தலைவர் வில்லெம்ஸே.

"கொக்கி மாட்ட மறந்துட்டேன். தப்புதான்."

"பாம்பு வளர்க்கிறவளை நம்பாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்!" என்றாள் எதிர்வீட்டு மமெல்லோ. "பிள்ளைங்க நடமாடுற இடமாச்சே!"

"பாம்பை இன்னைக்கே அனுப்பு. இல்லைன்னா நீ கிளம்பு," என்றார் தலைவர்.

ரெஃபில்வே நகரவில்லை.

"ரெண்டு பேருமே போக மாட்டோம் தலைவரே. அனுமதி வாங்கித்தான் வளர்க்கிறேன். முதல் தடவை தப்பிச்சா எச்சரிக்கை, அடுத்த தடவைதான் வெளியேத்தணும். நீங்க போட்ட விதிதானே? எச்சரிக்கையைக் கொடுங்க, வாங்கிக்கிறேன்."

"தப்பும் பண்ணிட்டுத் திமிரைப் பாரு!"

"திமிர்தான். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

தலைவர் பல்லைக் கடித்தபடி சொன்னார்: "இதுதான் உனக்குக் கடைசி எச்சரிக்கை."

திட்டிக்கொண்டே எல்லோரும் கலைந்தார்கள்.

சற்று நேரத்தில், கையில் துணிப்பையோடும் ஸ்க்ரூடிரைவரோடும் மமெல்லோவின் கதவைத் தட்டினாள் ரெஃபில்வே. திறந்த மமெல்லோவுக்கு முகம் வெளிறிவிட்டது. ரெஃபில்வே கேட்காமலே படுக்கையறைக்குப் போனாள்.

கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாக இருந்தது. ஒரு பக்கம் மூடி நகர்ந்திருந்தது. மேலே தடிப் புத்தகம் ஒன்று.

"புத்தகப் பாரம் போதுமா அக்கா? தலை நுழையற இடம் கிடைச்சா மொத்த உடம்பும் வெளியே வந்துடும். வயர் போற ஓட்டையையும் அடைக்கணும்."

மூடியின் இரு பக்கமும் கொக்கி வைத்து முடுக்கினாள். பையிலிருந்த பாம்பை உள்ளே விட்டுச் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டாள்.

மமெல்லோ கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என் வீட்டுக்காரர் போனப்புறம் வீட்ல எனக்குத் துணை இது ஒண்ணுதான்... என்னுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாம்புக்குப் போடுற உறைஞ்ச எலி வாங்கிக்கிட்டு நீங்க கடையிலேர்ந்து ஓடினதைப் பார்த்தேன். என் பாம்பு என் வீட்ல, பூட்டின பெட்டிக்குள்ள தூங்குது."

"அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிப் பேசினேனே..."

"நாளைக்கே போய் அனுமதி கேளுங்க. தலைவர் முறைச்சா நான் வந்து நிக்கிறேன்."

"அது இருக்கட்டும். நீ ஏம்மா பழியை ஏத்துக்கிட்டே?"

ரெஃபில்வே சாவியை அவள் கையில் வைத்தாள்.

"எனக்கு ஒரு எச்சரிக்கை மிச்சம் இருந்துச்சு அக்கா. அனுமதி இல்லாத உங்களுக்கு அதுவும் இல்லையே."