மூடாத வட்டம்

மலேசியாவின் கோத்தா திங்கியில், எண்ணெய்க்கான செம்பனை வளரும் தோட்டத்தின் அலுவலகத்தில், காலை வெயில் கணினித் திரையில் விழாதபடி காளியப்பன் சன்னலை மறைத்து நிற்கிறார். குலை வெட்டுபவர்களின் இடுப்பில் கட்டிய இடங்காட்டிக் கருவிகள் அனுப்பும் புள்ளிகள் திரையில் ஓயாமல் ஊர்கின்றன. பழைய நிரல் நெருக்கத்தை மட்டும் பார்த்து அவற்றை ஒரே கூட்டமாகக் கட்டிவிடும். மகள் ஷர்மினி எழுதிய புதியது கூட்டத்தின் வடிவத்தையும் பார்க்கிறது. புள்ளிகள் எவ்வளவு இடம் மாறினாலும் நடுவில் மூடாமல் நிற்கும் ஓட்டையைக் காட்டுகிறது. கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஷர்மினி அதன்மேல் விரல் வைக்கிறாள்.

"எல்லாரும் புதுசா வந்த நேப்பாளிங்கப்பா. யார் சொல்லி சுத்திப் போறாங்க? அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லலா. வெறும் மரம்."

அங்கேதான் கங்காணியாக இருந்த அவருடைய அப்பா, தோட்டத் துரை சொன்னார் என்று முனியாண்டிக் கல்லை டிராக்டரால் புரட்டிப் புதைத்தார். குடும்பப் பெயர் கெட்டுவிடுமென்று வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. காளியப்பன் முதுகை நிமிர்த்திக்கொள்கிறார்.

"அப்ப நானே குறுக்க நடந்து பாத்துட்டு வரேன்." ஷர்மினி ஒரு கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குகிறாள். அவர் திரையருகே நகர்கிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் அவள் குரல்.

"நேராத்தான் நடக்கிறேன்பா. இங்க ஒண்ணுமே இல்ல."

திரையில் அவள் புள்ளி ஓட்டையின் விளிம்பைத் தொட்டு, மெல்ல வளைந்து, மற்றவற்றின் பின்னால் சுற்றத் தொடங்குகிறது.