யாவ் போட்ட ஒரே கோல்

"கசெற்றில பூஞ்சணம் பிடிச்சிட்டுது" என்று லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னார் பிலேந்திரன். போன கிழமை யாவ் கேட்டபோது வீடியோ டெக் பழுது என்றிருந்தார்.

யாவ் பரவாயில்லை என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, மூன்றாம் மாடியில் நொண்டி நொண்டி இறங்கிப் போனார். முழங்கால் அப்படி.

கூட நின்ற றோசுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு வாய் கூசேல்லையோ? கசெற் எங்கட கண்ணாடி அலுமாரிக்குள்ள நல்லாத்தானே கிடக்கு."

"அதைக் கிண்டாதையும் றோஸ்" என்றார் கணவர்.

யாவ் கானா நாட்டுக்காரர். பத்தொன்பது வயதில் பந்து விளையாட நோர்வேக்கு வந்தவர். பனியை முதன்முதலில் கண்டதே பயிற்சி மைதானத்தில்தான். துரொண்ட்ஹெய்மில் கொஞ்சக் காலம், பிறகு ஒஸ்லோ. எல்லா இடத்திலும் நடுக்கள ஆட்டக்காரர். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, முன்னால் ஓடுகிறவனுக்குக் கொடுப்பதுதான் வேலை. கோல் போட்டவனின் படம் பேப்பரில் வரும். யாவின் முழங்கைகூட அதில் வராது.

வாழ்க்கையில் ஒரே ஒரு கோல் போட்டிருந்தார். அடுத்த வருடமே முழங்கால் போனது, ஆட்டமும் போனது. அந்தக் கோலைக் காட்டிய உள்ளூர்ச் சனலையும் எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள்.

இந்த வருடம்தான் மகள் லீசாவோடு ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இவர்களுடைய அடுக்குமாடிப் புளொக்குக்குக் குடிவந்தார். லீசாவும் நடுக்களத்தில்தான் ஆடுகிறாள். அப்பா ஆடி ஒரு நிமிடம்கூட அவள் பார்த்ததில்லை.

குடிவந்த அன்று அவரை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் கோல் என்னிடம் வீடியோவில் இருக்கிறது என்று உளறியதும் இதே பிலேந்திரன்தான். யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே பிலேந்திரன் சாட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கசெற் லேசுப்பட்டதல்ல. அதன் முதுகில் இன்னும் 'றோஸ் – பிலேந்திரன் திருமணம்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதோ உதைபந்தாட்டம்.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பதிவது அந்த வீட்டில் பூசைக்குப் போவது மாதிரி. பிலேந்திரன் வீட்டில் நின்றால் அவர் பொத்தானை அமத்துவார், இல்லாவிட்டால் றோஸ். யாவ் கோல் போட்ட ஆட்டம் முடிந்து பல மாதம் கழித்து, கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரருக்குக் கலியாண வீடியோவைப் போட்டால், மணியோசைக்குப் பதிலாக விசில் சத்தம். யார் என்று எவரும் கேட்கமுதலே, "நான்தான் மாறிப் பதிஞ்சுபோட்டன்" என்று பிலேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

மன்னாரில் நடந்த கலியாணம் அது. றோசின் அப்பா அவள் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் கூட்டிவந்தது அந்த வீடியோவில் மட்டும்தான் இருந்தது. அவர் அதற்குள் இறந்தும் போயிருந்தார். றோஸ் கசெற்றை நிறுத்திவிட்டுக் கனநாள் அழுதாள். பிறகு ஏசத் தொடங்கியவள் இன்றுவரை நிறுத்தவில்லை. பிறந்தநாளோ முதல்நன்மை விருந்தோ, "மாட்ச் பைத்தியத்தில என்ர அப்பாவை அழிச்ச மனிசன்" என்று தொடங்கிவிடுவாள். சனம் சிரிக்கும். பிலேந்திரன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை றோஸ் பழைய சாமான் கடையில் ஒரு டெக் வாங்கிவந்து தொலைக்காட்சியோடு பூட்டினாள். யாவையும் லீசாவையும் கூப்பிட்டு, றோல்ஸும் தேத்தண்ணியும் வைத்தாள். வேலையால் வந்த பிலேந்திரன் அலுமாரி திறந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வேண்டாம் றோஸ்."

"என்ர அப்பாவை நான் இனிப் பாக்கேலாது. அந்தப் பிள்ளையாவது தன்ர அப்பாவைப் பாக்கட்டும்."

பிலேந்திரன் கதிரையின் நுனியில் போய் இருந்தார்.

படம் நடுங்கி நடுங்கி ஓடியது. மெல்லிய இளைஞன் ஒருவன் மழைச் சேற்றில் ஓடிக்கொண்டே இருந்தான். லீசா எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் இருந்துகொண்டாள். அப்பாவின் அந்தக் காலத்துத் தலைமயிரைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

கடைசி நிமிடங்கள். பந்து யாவின் காலுக்கு வந்தது. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கொடுக்க ஒருவரும் இல்லை. வேறு வழியில்லாமல் தானே அடித்தார். வலை குலுங்கியது.

லீசா பாய்ந்துவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"நான் இவ்வளவு வேகமாக ஓடினேன் என்று எனக்கே மறந்துபோய்விட்டது" என்று சொல்லி யாவ் விம்மி அழுதார்.

றோசும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். கமெரா கோலுக்குப் பின்னால் நின்ற சனத்தின் பக்கம் திரும்பியிருந்தது. நட்டநடுவில் ஒருவர் மஞ்சள் கம்பளித் தொப்பியைக் கையில் சுழற்றித் துள்ளிக்கொண்டிருந்தார். தொப்பி றோஸ் பின்னிக் கொடுத்தது. துள்ளியவரையும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

றோஸ் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

"நீங்கள் அண்டைக்கு மைதானத்திலயோ நிண்டனீங்கள்?"

பிலேந்திரன் றோல்ஸ் தட்டை யாவின் பக்கம் தள்ளிவைத்தார். "அதை விடும். பிள்ளைக்கு அந்தக் கோலை இன்னொருக்காப் போட்டுக் காட்டும்."

றோசின் விரல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றது.

"அப்ப, அண்டைக்கு வீட்டில இருந்து பொத்தானை அமத்தினது நான்" என்றாள்.