அம்மாவின் வளையல் அளவு

அம்மா சிரித்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன்.

அக்காவின் வளைகாப்புக்கு முதல் நாள். மயிலாப்பூர் குளக்கரையில் பீர் முஹம்மது பாயின் வளையல் கடை. சோப்பு நுரையில் அம்மாவின் விரல்களைக் குவித்து, பாய் வளையலைத் தள்ளிப் பார்த்தார். கட்டைவிரல் முட்டில் நின்றுவிட்டது.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மாவுக்கு ரெண்டே கால் அளவுதான்.

"இன்னா அக்கா, இது போன வருசம் வந்த கை இல்லியே. யார் கையை மாட்டிக்கினு வந்தீங்க?"

அம்மா புன்னகைத்ததோடு சரி. எனக்கு மூச்சு வந்தது.

கல்லூரியில் நான் புலி, சிறுத்தை, காட்டுப்பூனை எலும்புகளை அளந்துகொண்டிருக்கிறேன். எம்.எஸ்ஸி. ஆய்வு. தாடை பெருத்த பூனைக்குப் பாதமும் பெருத்திருக்கும். எலும்புகள் தனித்தனியாக மாறுவதில்லை, சேர்ந்தே மாறுகின்றன என்று என் அளவுகளிலேயே தெரிந்த நாளில், பஸ்ஸில் அடையாறு வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

போன வாரம் நூலகப் புத்தகம் ஒன்றில் ஒரு பெண்ணின் படம் பார்த்தேன். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி கெட்டால், வளர்ந்து முடிந்தவர்களுக்கும் கை, பாதம், தாடை எல்லாம் சேர்ந்து மறுபடி வளருமாம். பல் மட்டும் வளராது. தாடை அகல அகல, பற்களுக்கு நடுவே சந்து விழும். பிறகு பார்வை போகும். பிறகு ஆளே போவதும் உண்டு.

பூனைகளுக்கு அந்த மாற்றம் லட்சக்கணக்கான வருடம். படத்தில் இருந்தவளுக்குச் சில வருடம்.

தீபாவளிக்கு அம்மா பெரிய செருப்பாகக் கேட்டு வாங்கினாள். விரலில் ஏறாத மோதிரம் சாமி அலமாரியில் கிடக்கிறது. "வேலை செஞ்சு செஞ்சு வீங்கியிருக்குடி" என்றாள். நம்பினேன்.

பற்களை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காதவரை அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

பாய் வேறொரு வளையலை எடுத்தார். வழுக்கிக்கொண்டு ஏறியது. அதே அளவில் இன்னும் மூன்றை ஏற்றினார்.

"இது பயில்வான் சம்சாரத்துக்குன்னு எடுத்து வெச்சது. அவங்களாண்ட சொல்லிடாதீங்கக்கா, என்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பாங்க!"

அம்மா சிரித்துவிட்டாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை. பார்த்தேன்.

பற்கள் தெரியவில்லை. புது வளையல்கள் குலுங்க, அகன்ற அந்தக் கை வாயை மூடியிருந்தது.

தெருவே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு என்று அப்பா கேலி செய்வார். அம்மா ஒருநாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில்லை.