ஏழு வருஷம் தாங்கும் ஸ்டிக்கர்

“வெட்டின எழுத்து வேண்டாம்மா. முழு ஷீட்டா பிரின்ட் போட்டு ஒட்டிடு” என்றார் வேன்காரர்.

வேனுக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வினைல் ஸ்டிக்கரில் எழுத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது, பெயின்ட்டில் எழுதியது போலவே இருக்கும், விலையும் குறைவு என்று வரிசையாகச் சொன்னேன். மாதிரிப் பலகையைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, “ஷீட்டே போடும்மா” என்றார்.

“என்ன எழுதணும்?”

“பூட்டு, சாவி வேலை. கீழ போன் நம்பர்.”

“பேரு?”

“பேரு வேண்டாம்.”

பூட்டுத் திறக்க ஆளை வீட்டுக்குள் விடுகிறவர்கள் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள். இவர் அதையே வேண்டாம் என்கிறார்.

கடை முதலாளி அண்ணன் வெளியே போயிருந்தார். போன மாதம் ஒரு திருட்டு வேனுக்குப் புதுப்பெயர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, அரைநாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து, பழைய பெயரை மறைக்க யார் வந்தாலும் உடனே அவருக்குப் போன் போட வேண்டும். “சந்தேகப்படறதுக்கு உனக்குச் சொல்லியா குடுக்கணும், இன்ஸ்பெக்டரம்மா” என்று வேறு சொல்லியிருந்தார்.

டேப்பை எடுத்துக்கொண்டு வேனிடம் போனேன்.

நீல வேன். வெயிலில் நன்றாக வெளுத்திருந்தது. பக்கவாட்டில் மட்டும் ஏதோ எழுத்துகளின் தடம், அடர் நீலத்தில். எழுத்தை உரித்துவிட்டாலும், அதன் அடியில் வெயில் படாத நிறம் அப்படியே நின்றுவிடும். அவசரமாக உரித்திருக்கிறார்கள், நகம் பட்ட கீறல்கள் இருந்தன. கிட்டப்போய்ப் பார்த்தால் எல்லாம் வெறும் கறையாகத்தான் தெரிந்தது.

அளந்தேன். மறுபடி அளந்தேன். மூன்றாவது முறை அளந்தது அளவுக்காக அல்ல, யோசிப்பதற்காக.

வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். நம்பர் சரி. பெயரும் அவருடையதுதான். அப்படியும் மனம் ஆறவில்லை. எல்லாம் இவ்வளவு சரியாக இருப்பதே சரியில்லையோ என்று தோன்றியது. எஸ்.ஐ. பரீட்சைக்காகப் போகும் மாலை வகுப்பில் விடை சரியாக வந்த கணக்கையும் அடித்துவிட்டு மறுபடி போடுகிறவள் நான்.

அவர் முன் சீட்டில் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். “பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சா இந்தத் தடம் போயிடும். அப்புறம் எழுத்தே வெட்டி ஒட்டலாம்” என்றேன்.

அவர் தேடிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் தேய்த்துக் காட்டினால் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று, துணியில் காம்பவுண்டைத் தொட்டு வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். வெளுத்த நீலம் கரைந்து, அடியிலிருந்து அடர் நீலம் வந்தது. கடைசி எழுத்து அதற்குள் காணாமல் போனது.

என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அதைத் தொடாதம்மா.”

குரல் உயரவில்லை. என் இன்னொரு கையில் போன் இருந்தது. அண்ணனின் நம்பர் திரையில் இருந்தது.

அழுத்தப்போன விரல் நின்றது. திருட்டு வண்டி என்றால், அழி என்றுதானே சொல்வார்?

சட்டென்று கையை விட்டார். “ஷீட்டை ஒருநாள் உரிச்சா, அடியில இருக்கறது இப்படியே இருக்குமா?”

“வெயில் படாதுல்ல. இருக்கும்.”

“ஷீட்டு ஏழு வருஷம் தாங்குமா?”

ரொம்ப நாள் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். “அதென்ன ஏழு?” என்றேன்.

“பையனுக்கு எட்டு வருஷ ஜெயில் போட்டாங்க. ஒண்ணு முடிஞ்சுது.” என்னைப் பார்க்காமல் வேனைப் பார்த்தே பேசினார். “ஒழுங்கா இருந்தா முன்னாடியே விட்டுடுவாங்கன்னு வக்கீல் சொல்றார். வண்டியில இருக்கற பேரைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கறாங்கம்மா. பூட்டுக்காரன் வீட்டுலயே அப்படி ஒண்ணு நடந்தா, யார் கூப்பிடுவா?”

நான்கு அடி பின்னால் நகர்ந்தேன். சாய்ந்த வெயிலில் கறைகள் எழுத்துகளாயின.

மேல் வரியில், பூட்டு சாவி. கீழ் வரியில், அப்பா – மக.

அதற்கடுத்த எழுத்து இருந்த இடத்தில் நான் தேய்த்த காம்பவுண்ட் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் கிட்டே வந்தார். “எதுவும் போயிடலையே?”

“ஒண்ணும் போகலைங்க” என்றேன். துணியை அந்த இடத்தின் மேலேயே வைத்திருந்தேன். “நீங்க உள்ள உட்காருங்க. தூசி பறக்கும்.”

ஷீட் அச்சாகிக் காய முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடர் நீல வினைலில் ‘ன்’ என்ற ஒரே ஓர் எழுத்தை வெட்டினேன். பக்கத்து எழுத்தின் உயரம்தான் அளவு. தேய்த்த இடத்தை மூட வெளுத்த நீலத் துண்டு ஒன்றை முதலில் ஒட்டி, அதன் மேல் பழைய இடத்தில் எழுத்தை ஒட்டினேன். புள்ளியைத் தனியாக, விரல் நுனியில் எடுத்து வைத்தேன். அதன் மேல் ஷீட்டை இழுத்து ஒட்டினேன். உரிக்கிற நாளில் இந்த எழுத்தும் ஷீட்டோடு சேர்ந்து வந்துவிடுமோ? சூடு காட்டி மெல்ல உரித்தால் வராது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

வேன் கிளம்பும் நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார். வழக்கம்போல ஷீட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போனவர், வலது ஓரத்தில் நின்றார். கட்டைவிரலால் அழுத்தினார்.

“என்ன இன்ஸ்பெக்டரம்மா, இங்க மேடா இருக்கு? காத்து விட்டுட்டியா?”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“காத்துதாண்ணே.”

“ஊசியைக் கொண்டா. குத்திவிட்டா அமுங்கிடும்.”

“ஊசியைக் காணோம்ணே” என்றேன், சட்டைக் கையில் குத்தியிருந்த ஊசியை விரலால் மூடிக்கொண்டு.