ஐந்தாவது ஃபவுல்

"இவளுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார் தலைமை நர்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

லேப் பெண் மூன்றாவது ஃபவுலை வாங்கியிருந்தாள். ஆட்டம் தொடங்கி ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி ஆண்டு விழா. பெண்கள் கூடைப்பந்து. வார்டு அணிக்கும் ஆபீஸ் அணிக்கும் போட்டி. வார்டு அணிக்குத் தலைமை நர்ஸ்தான் கேப்டன்.

அந்த அணியில் இதற்கு முன் பந்தைத் தொட்டிருந்தவள் லேப் பெண் ஒருத்திதான். கல்லூரியில் ஆடியவள். இரண்டு வாரமாக எல்லோருக்கும் விதி சொல்லிக்கொடுத்ததும் அவளே.

"பந்தைத் தட்டிக்கிட்டேதான் ஓடணும். கையில பிடிச்சுட்டா ரெண்டடிக்கு மேல நடக்கக்கூடாது. பிடிச்சப்புறம் மறுபடி தட்டக்கூடாது. கூடையில போட்டா ரெண்டு பாயின்ட், வளைவுக்கு வெளியே இருந்து போட்டா மூணு. யாரையும் இடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. இடிச்சா ஃபவுல். அஞ்சு ஃபவுல் ஆனா வெளியே போய் உட்கார வேண்டியதுதான், திரும்ப வர முடியாது. ஃபவுல் பண்ணினா மறைக்காம கையைத் தூக்கிடணும். அது ஒரு மரியாதை."

மருந்தகப் பெண் பந்தைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். எக்ஸ்ரே பெண் சொந்தக் கூடையிலேயே போட்டுவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தாள். ஒருவழியாக ஐந்து பேர் தேறினார்கள்.

தேறாதவர் லிஃப்ட் அக்கா. நாள் முழுக்க லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து மாடி எண்ணை அழுத்துகிறவர். பயிற்சிக்குத் தினமும் முதல் ஆளாக வந்தவர் அவர்தான். ஆனால் பந்து கைக்கு வந்தால் போதும், விதியெல்லாம் மறந்து நாலடி நடந்துவிடுவார். அதனால் அவர் ஆறாவது ஆள், மாற்று.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவர் கேப்டனிடம் வந்து தயங்கி நின்றார்.

"சிஸ்டர், எங்க வீட்டுக்காரரு லீவு போட்டுட்டு வந்திருக்காரு. நீயாவது பந்து ஆடறதாவதுன்னு ரெண்டு வாரமாச் சிரிச்ச மனுஷன். ரெண்டே நிமிஷம் இறக்கி விட்டீங்கன்னா போதும்."

"கப்பு என்ன சும்மாவா வருது?" என்றார் கேப்டன். "யாராவது கால் சுளுக்கி விழுந்தா கூப்பிடறேன். அதுவரைக்கும் பெஞ்சுல இருங்க." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "களைப்பா இருக்கு, நான் உட்கார்றேன், வேற ஆளை இறக்குங்கன்னு ஒருத்தரும் என்கிட்ட வரக்கூடாது. சொல்லிட்டேன்."

லிஃப்ட் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் அவர் கணவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அவரை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்காக அக்கா ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

இடைவேளையில் கேப்டன் லேப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு ஃபவுல் ஆனா நீ வெளியே. நீதான் நம்ம டீமே. எண்ணிக்கிட்டு ஆடு."

"எண்ணிக்கிட்டுதான் ஆடறேன் சிஸ்டர்."

விசில் ஊதி ஐந்து நிமிடத்தில் நான்காவது. ஆபீஸ் அணியின் உயரமான கேஷியர் பந்தோடு வர, லேப் பெண் நேராகப் போய் இடித்தாள்.

"போன வாரம் கேன்டீன் வரிசையில ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு," என்றாள் மருந்தகப் பெண். "அந்தக் கோபம் இங்க வருது."

"விதியெல்லாம் நமக்குத்தான். அம்மணிக்குக் கிடையாது," என்றார் கேப்டன்.

கடைசி மூன்று நிமிடம். வார்டு அணி ஒரு பாயின்ட் முன்னால் இருந்தது. கேப்டன் கூடைக்கு அடியில் பந்துக்காகக் காத்திருந்தபோது பின்னால் விசில் சத்தம் கேட்டது. திரும்பினால், லேப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு நடுவருக்கு எதிரே நிற்கிறாள். ஐந்தாவது.

வேறு வழியில்லை. லிஃப்ட் அக்கா இறங்கினார்.

முதல் பந்திலேயே நாலடி நடந்து விசில் வாங்கினார். அடுத்த பந்தைத் தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே பாதி மைதானம் போய் எக்ஸ்ரே பெண்ணிடம் ஒழுங்காகக் கொடுத்தார். அவள் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஆனாலும் லிஃப்ட் அக்காவின் கணவர் எழுந்து நின்று தட்டிய தட்டலில் பக்கத்தில் இருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசி நிமிடத்தில் கேஷியர் கூடையில் போட்டுவிட்டாள். ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் கப்பு ஆபீஸ் அணிக்குப் போனது.

கேப்டன் லேப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினார். "சொந்தப் பகையைத் தீர்த்துக்க இதுதான் இடமா? உன் ஒருத்தியாலதான் தோத்தோம்."

"ஸாரி சிஸ்டர்," என்றாள் அவள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

அந்தப் பக்கம் லிஃப்ட் அக்காவிடம் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் தட்டினே. முதல் பந்துலதான் ரெண்டடி ஜாஸ்தி நடந்துட்டே."

கேப்டன் ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட நடுவரிடம் போனார். மனசு ஆறவில்லை.

"சார், அந்த அஞ்சாவது ஃபவுல். அவ இடிச்சதை நீங்க நல்லாப் பார்த்தீங்களா?"

"நான் எங்கங்க பார்த்தேன்?" என்றார் நடுவர், பேனாவை நீட்டியபடி. "நான் பந்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணே கையைத் தூக்கிக்கிட்டு எதிர்ல வந்து நின்னுது. 'அஞ்சு ஆயிடுச்சு, சீக்கிரம் விசில் ஊதுங்க சார். பெஞ்சுல ஒருத்தங்க ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்காங்க'ன்னு."